தாபரிப்பு வழக்கும் இருக்கிறது, அஸ்வெசுமவும் வேண்டும்: கந்தோரில் எந்தத் தாளைக் காட்டுவது?

கிளிநொச்சியில் படிவம் நிரப்புவதும் கடிதம் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் கோட்டுத் தாளை, அதாவது நீதிமன்றத் தாளை, சுருட்டிக் கையில் பிடித்தபடி, டி.எஸ். கந்தோருக்கு (பிரதேச செயலகத்துக்கு) போகிற வழியில் "இதையும் சேர்த்துக் குடுக்கிறதோ அக்கா?" என்று கேட்டுக்கொண்டு வரும் பெண்களைப் பல வருசமாகப் பார்க்கிறேன். கரைச்சி, கண்டாவளை, ஒட்டுசுட்டான், துணுக்காய் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். தாபரிப்பு என்று நான் சொல்வது, பிரிந்து போன கணவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் கட்ட வேண்டிய காசு. தமிழ்நாட்டுக்காரர் ஜீவனாம்சம் என்பார்கள். நம் நாட்டில் இது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் நடக்கிறது. அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதா மாதம் கொடுக்கும் நலன்புரிக் காசு.

வழக்குப் போட்டிருப்பதை விதானையாருக்கு (ஜி.எஸ்., கிராம அலுவலர்) சொல்லத்தான் வேண்டுமா?

வழக்கின் கதையைச் சொல்லத் தேவையில்லை, வழக்கால் கையில் காசு வந்தால் அதைச் சொல்ல வேண்டும். வருமானம் என்ன என்று கேட்கிற இடத்தில் தாபரிப்புக் காசை மறைத்தால் பின்னுக்கு அது தெரியவரும்போது கொடுப்பனவு வெட்டுப்படலாம், எடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் கூடும், அப்போது உங்களுக்காகப் பேச ஒருவரும் வரமாட்டார். வழக்கு தவணை தவணையாய் இழுபடுகிறது, கட்டளை இன்னும் வரவில்லை என்றால் "கணவரிடமிருந்து இப்போது எதுவும் கிடைப்பதில்லை, தாபரிப்பு வழக்கு நடக்கிறது" என்ற ஒரு வரி போதும். ஏன் பிரிந்தீர்கள், யார் யாரோடு போனார், அடித்தாரா, குடித்தாரா என்பதெல்லாம் நலன்புரிப் படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் வராத சங்கதிகள்.

இதைச் சொல்லும்போது பலர் என்னை நம்பாத மாதிரிப் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் போனதிலிருந்து, மீள்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் இருந்து வீட்டுத்திட்டம் வரை, வந்த ஒவ்வொருவருக்கும் குடும்ப விபரம் கொடுத்த சனம் நாங்கள். ஆமி கேட்டது, தொண்டு நிறுவனம் கேட்டது, ஜி.எஸ். கேட்டார், யாரென்று தெரியாதவர்களும் பேனையோடு வந்து கேட்டார்கள். கொடுக்காவிட்டால் நிவாரணம் நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, அதனால் படிவத்தைக் கண்டால் பெட்டியில் இருக்கிற எல்லாத் தாளையும் எடுத்து நீட்டிவிடுகிறோம்.

அப்படியென்றால் எந்தத் தாளைக் கொடுப்பது?

கட்டளையை. அதை மட்டும்.

கோட்டுக் கட்டில் பல தாள்கள் இருக்கும். முதலாவது நீங்கள் போட்ட விண்ணப்பம், அதோடு சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த வாக்குமூலம்). உங்கள் சண்டை முழுக்க அதற்குள் இருக்கும். அவர் பதிலுக்குப் போட்டது இன்னொன்று, அதில் உங்களைப் பற்றி அவர் சொன்ன பொய்யும் இருக்கும். பிறகு ஒவ்வொரு தவணையிலும் நடந்ததை எழுதிய வழக்கேடு. கடைசியில்தான் நீதவான் போட்ட கட்டளை: வழக்கு இலக்கம், திகதி, மாதம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, எங்கே கட்ட வேண்டும். நலன்புரிக் கந்தோருக்கு வேண்டியது இந்த விபரங்கள்தான். நீதிமன்றப் பதிவகத்தில், சட்டத்தரணி மூலமாகவோ நேரடியாகவோ, கட்டளைப் பகுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும் என்று கேளுங்கள். "வழக்குப் பிரதி" என்று பொதுவாகக் கேட்டால் முழுக் கட்டையும் போட்டோக்கொப்பி எடுத்துத் தருவார்கள், காசும் கூட.

அத்தாட்சிப்படுத்திய பிரதியை உத்தியோகத்தருக்குக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள், கோப்பில் வைக்க அதன் போட்டோக்கொப்பியைக் கொடுங்கள். மூலத்தில் ஒரு எழுத்தும் வெட்டவோ மையால் அழிக்கவோ கூடாது. ஆனால் போட்டோக்கொப்பி எடுக்கும்போது தேவையில்லாத பந்தியின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மறைத்து எடுக்கலாம். மறைத்திருக்கிறேன் என்று வாயாலும் சொல்லிவிடுங்கள், ஒளித்ததாக நினைக்கமாட்டார்கள். கடைசியாக, அந்தக் கொப்பியின் குறுக்கே பேனையால் "அஸ்வெசும விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போட்டுக் கையொப்பம் வையுங்கள். அந்தத் தாள் வேறொரு இடத்தில் தலைகாட்டினால் எங்கிருந்து போனது என்று கேட்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும்.

கட்டளை பத்தாயிரம். அவர் கட்டுவது நினைத்தால் ஐயாயிரம், நினைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. நான் எதை எழுதுவது?

இரண்டையும் எழுத வேண்டும், தனித்தனியாக. இதில்தான் நம் பெண்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கட்டளைத் தாளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால், உத்தியோகத்தர் அதைப் பார்த்து மாத வருமானம் 10,000 ரூபா என்று போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவரில் பிழை இல்லை, தாளில் அப்படித்தானே இருக்கிறது.

கணக்கை இப்படிப் பாருங்கள். கட்டளைப்படி 12 மாதத்துக்கு 120,000 ரூபா. அவர் வருசம் முழுக்க நான்கு தடவைதான் கட்டினார், ஒவ்வொரு தடவையும் 5,000. மொத்தம் 20,000. மாதத்துக்குப் பிரித்தால் 1,700 ரூபாவும் இல்லை. ஆகவே கடிதத்தில் "நீதிமன்றம் கட்டளையிட்ட தொகை மாதம் 10,000 ரூபா. கடந்த 12 மாதங்களில் உண்மையில் கிடைத்தது 20,000 ரூபா. நிலுவை 100,000 ரூபா" என்று எழுதி, வங்கிப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களையோ கோட்டில் காசு எடுத்த பற்றுச்சீட்டுகளையோ சேருங்கள். வங்கிப் புத்தகத்தில் மற்ற வரவுகளும் இருக்கும். அண்ணன் பிரான்ஸிலிருந்து போட்ட காசைத் தனியாகக் கேட்டால் தனியாகச் சொல்லுங்கள், அதற்காக இந்தப் பக்கத்தில் எதையும் அழிக்கப் போக வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். பிடியாணை போனதும் பயந்து ஒரே நாளில் 60,000 கட்டிவிடுவார். அந்த மாதம் வீட்டைப் பார்க்க வரும் நலன்புரி உத்தியோகத்தருக்கு நீங்கள் பணக்காரி. "இது ஆறு மாத நிலுவை, ஒரு மாத வருமானம் இல்லை" என்று அன்றைய தவணையில் கோட்டில் எழுதப்பட்ட வரியைக் காட்டுங்கள்.

நிலுவையைப் பற்றி இன்னொன்று. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியலுக்கு (சிறைக்கு) அனுப்ப நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது, சம்பளக்காரராக இருந்தால் சம்பளத்திலிருந்தே வெட்டச் சொல்லவும் முடியும். நலன்புரிக் காசு வருகிறதே என்று நிலுவையைக் கேட்காமல் விடாதீர்கள்.

தாபரிப்பு வருகிறது என்றால் அஸ்வெசும நின்றுவிடுமா?

அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையிலிருந்து நடக்கும் திட்டம் இது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். தொடங்கியபோது நாலு வகுப்புக்கும் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று இருந்தது, பிறகு மேலே சொன்ன கடைசி இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் கூட்டப்பட்டன. எனக்குத் தெரிந்து தாபரிப்பைவிட, பாவிக்காமல் மூலையில் கிடக்கிற மோட்டார் சைக்கிளும் அவருடைய பெயரில் இருக்கிற காணியும்தான் அதிகம் வில்லங்கம் கொடுக்கின்றன. பிரிந்து போனவரின் சொத்து உங்கள் குடும்பக் கணக்கில் ஏறியிருந்தால் மேன்முறையீட்டில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். நீங்கள் பிரிந்து வாழ்வதைக் காட்ட அந்த ஒரு பக்கக் கட்டளை நல்ல சாட்சி.

மறுபக்கம்: அஸ்வெசும எடுக்கிறேன் என்று அவருடைய லோயர் கோட்டில் சொல்லித் தாபரிப்பைக் குறைக்க முடியுமா?

சொல்லிப் பார்ப்பார். பிள்ளைக்கான தொகையைத் தீர்மானிக்கும்போது நீதிமன்றம் தாய் தகப்பனின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் பார்க்கும். அரசாங்கம் அரிசிக்குக் காசு தருகிறது என்பதால் தகப்பனின் கடமை கழிந்துபோவதில்லை என்று உங்கள் சட்டத்தரணி சொல்லலாம். அவருடைய லோயர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. கோட்டில் ஒரு கணக்கும் கந்தோரில் வேறு கணக்கும் கொடுத்திருந்தால் அங்கேதான் மாட்டுவீர்கள்.

எங்கள் ஜி.எஸ். என் கணவருக்கு மச்சான் முறை. அவர் கையில் கொடுத்தால் அன்று பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிடும்.

வன்னியில் இது இல்லாத ஊர் எது? ஊரோடு இடம்பெயர்ந்து ஊரோடு திரும்பி வந்த சனம், தேடிப்பார்த்தால் மூன்றாவது வீட்டில் ஒரு சொந்தம் இருக்கும். ஜி.எஸ். நல்லவராக இருந்தாலும் அவருடைய கந்தோர் விறாந்தையில் பத்துப் பேர் இருக்க "தங்கச்சி, கேஸ் என்ன மாதிரிப் போகுது?" என்று கேட்டாரென்றால் அவ்வளவுதான்.

வதிவிடத்தையும் குடும்ப உறுப்பினர்களையும் உறுதிப்படுத்த ஜி.எஸ். வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் கோட்டுத் தாளைப் பிரதேச செயலகத்தில், நலன்புரி வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் நேரே கொடுக்கலாம். உறையில் போட்டு ஒட்டி, மேலே "பிரதேச செயலாளரின் தனிப்பட்ட பார்வைக்கு" என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு உங்கள் கொப்பியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். அந்தக் கடிதத்திலேயே "உறவுமுறை காரணமாக இந்த ஆவணத்தைக் கிராம அலுவலர் ஊடாக அனுப்ப விரும்பவில்லை" என்று மரியாதையாக ஒரு வசனம் சேருங்கள். குற்றம் சாட்டுகிற மாதிரி எழுதாதீர்கள், நாளைக்கு வேறு எத்தனையோ கடிதத்துக்கு அதே மனிதரிடம்தான் போய் நிற்க வேண்டும். பெரும்பாலான செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். தனியாக இருந்து பேச வேண்டும் என்று அவரிடம் கேட்டால் கதிரை போட்டுக் கதவைச் சாத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்காவிட்டால் யாரும் சாத்தமாட்டார்கள்.

கட்டளைத் தாளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்கிறார்கள்.

குழுவுக்குள் போடாதீர்கள். ஒரு தடவை, எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன், அவசரம் என்று என் சொல்லைக் கேட்டு ஒரு பெண்பிள்ளை தன் கட்டளையைப் படமெடுத்து உத்தியோகத்தருக்கு அனுப்பியது. அவர் அதை "இந்த மாதிரித்தான் தாள் வேண்டும்" என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகக் கிராமக் குழுவுக்குள் போட்டுவிட்டார். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் வயது, எல்லாம் இருநூறு பேருக்குப் போனது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நானும் அனுப்பு என்று சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

ஆகவே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பஸ் இல்லாத இடம், மழை, வேறு வழியே இல்லை என்றால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். வட்ஸ்அப்தான் என்றால் அந்த ஒரு உத்தியோகத்தரின் இலக்கத்துக்கு மட்டும், மறைத்து எடுத்த கொப்பியை, குறுக்கே எழுதியதோடு.

கந்தோர் நேராகக் கோட்டில் கேட்டு என் வழக்கை எடுக்குமா?

கோட்டிலிருந்து டி.எஸ். கந்தோருக்குத் தானாகத் தகவல் போவதை நான் இதுவரை காணவில்லை. தாளைக் கொண்டுபோவது எப்போதும் நாங்கள்தான். சில நேரம் "உங்கள் வழக்கு விபரங்களைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு கடிதத்தில் கையொப்பம் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் வெறும் "வழக்கு விபரங்கள்" என்று இருந்தால் "தாபரிப்புக் கட்டளையும் கொடுப்பனவு விபரமும் மட்டும்" என்று நீங்களே திருத்தி, எதற்காக, எந்தத் திகதி வரை என்று சேர்த்துவிட்டு வையுங்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு காரணத்துக்காக வாங்கிய தகவலை அந்தக் காரணத்துக்குத்தான் பாவிக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சி வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். பிள்ளைகளின் தகவலை விசேட வகைத் தரவாகவே அது வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தைக் கட்டங்கட்டமாகத்தான் கொண்டுவருகிறார்கள், அதனால் கந்தோரில் சட்ட இலக்கம் சொல்லிச் சண்டை பிடிப்பதைவிட "இது எதற்குத் தேவை, மிஸ்?" என்று கேட்பது வேலை செய்யும்.

தகவல் அறியும் சட்டத்தில் போட்டு என் கணவர் என் அஸ்வெசும கோப்பை எடுத்துவிடுவாரா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் கொடுக்கிறது. பெரிய பொதுநலன் இருந்தாலோ நீங்கள் எழுத்தில் சம்மதித்தாலோ தவிர. "என் கணவர் கேட்டால் கொடுக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே ஒரு கடிதம் கோப்பில் போட்டு வைப்பதில் நட்டம் இல்லை. அதே சட்டத்தில் உங்கள் சொந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நீங்களும் கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் பெயர் வெட்டுப்பட்டது என்று தெரியாமல் மேன்முறையீடு எழுதுவதைவிட இது நல்ல வழி.

கோட்டிலேயே எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு எங்கே இரகசியம்?

அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை, குடும்ப உறவு சம்பந்தமான வழக்குகளில் சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. அது அவருடைய விருப்பம். உங்கள் சட்டத்தரணி எழும்பிக் கேட்க வேண்டும், கேட்கச் சொல்லி நீங்கள் முதல்நாளே சொல்ல வேண்டும்.

அடி தாங்காமல் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அவருக்கு நான் இருக்கும் இடம் தெரியக் கூடாது.

இதுதான் எல்லாக் கேள்வியிலும் பாரமானது. வீட்டைப் பார்க்க உத்தியோகத்தர் வருவார், ஆகவே இப்போதிருக்கும் ஊர் ஜி.எஸ்ஸுக்கும் டி.எஸ். கந்தோருக்கும் முகவரி தெரியத்தான் வேண்டும். கணவருக்குப் போகும் தாள்களில் அது ஏறாமல் பார்ப்பதுதான் வேலை. கடிதப் போக்குவரத்தைச் சட்டத்தரணியின் முகவரிக்கு வைக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். காசை வங்கியில் போடச் சொல்லுமுன் யோசியுங்கள்: கணக்கு இலக்கத்தோடு கிளையின் பெயரும் அவருக்குப் போகும், நெடுங்கேணிக் கிளை என்று கண்டால் தேடி வர எவ்வளவு நேரம்? பழைய ஊர்க் கணக்கையே வைத்திருங்கள், அல்லது கோட்டில் கட்டச் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுத்திருந்தால் அதன் கொப்பியை டி.எஸ்ஸிடம் தனியாகக் கொடுத்து, அஸ்வெசும பெயர்ப்பட்டியல் ஒட்டும்போது கவனிக்கச் சொல்லி எழுதுங்கள். அறிவித்தல் பலகையில் ஒட்டுகிற பட்டியலை யாரும் படமெடுக்கலாம். உதவிக்கு அழைக்கும் தொலைபேசி இலக்கம் 1938, பிள்ளைகள் சம்பந்தமாக 1929.

அவர் வெளிநாட்டில். உண்டியலில் (வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம்) இடைக்கிடை அனுப்புகிறார், தாள் ஒன்றும் இல்லை.

ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி வாருங்கள். கேட்டால் அதைக் காட்டுங்கள். காசு கொண்டுவந்து தருகிறவரின் பெயரை எழுத வேண்டாம்.

நான் முஸ்லிம், முசலியில் இருக்கிறேன். வழக்கு காதி நீதிமன்றத்தில்.

காதி போட்ட கட்டளையின் பிரதிக்கும் மேலே சொன்னதுதான். அதை அமுல்படுத்த நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அங்கே எவ்வளவு கட்டினார் என்ற விபரத்தையும் எடுங்கள்.

மகனுக்கு 18 முடிந்துவிட்டது.

18க்கும் 25க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கும் தாபரிப்புக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அந்த வயதெல்லை இல்லை. ஆனால் இனி அது அவனுடைய தகவலும்தான். தாளைக் கொடுக்க முன் அவனிடம் கேளுங்கள்.

பிரிந்துபோனவர் என்று சொல்ல வெட்கப்பட்டுப் பழைய பதிவில் "காணாமல் போனவர்" என்று கொடுத்துவிட்டேன்.

நீங்கள் மட்டும் இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று பதியும்போது கைவிடப்பட்டவள் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது தாபரிப்புக் கட்டளையோடு அந்தப் பதிவு மோதும். காணாமல் போனவர்களுக்கு 2016இலிருந்து தனியாகச் சான்றிதழே இருக்கிறது, உண்மையில் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாரின் கணக்கோடு உங்கள் கணக்குக் கலக்கக் கூடாது. டி.எஸ். கந்தோரில் நீங்களே போய், "முந்திய பதிவில் தவறு நேர்ந்தது, திருத்தவும்" என்று ஒரு கடிதம் கொடுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. லோயருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்தத் தாள்களை வீட்டில் எப்படி வைப்பது?

இடப்பெயர்வில் எல்லாத் தாளையும் தொலைத்தவர்கள் நாங்கள், 2018 டிசம்பர் வெள்ளத்திலும் எத்தனையோ பேரின் பைகள் நனைந்து போயின. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் கட்டி முகட்டு வளையில் தொங்கவிடும் பழக்கம் வந்துவிட்டது. கட்டளையை அப்படி வையுங்கள். விண்ணப்பத்தையும் சத்தியக்கடதாசியையும் மட்டும் வேறு பையில் வையுங்கள். பாடசாலைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று பிள்ளை அந்தப் பையைத்தான் அவிழ்ப்பான், இப்போது அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்.